மாத்திரைக்கு ஒன்பது நாள் லீவு

என் வயிற்றின் வலது பக்கம், இடுப்பெலும்பை ஒட்டி, என் மனைவியின் கிட்னி இருக்கிறது. என்னுடைய இரண்டும் பிறந்த இடத்திலேயே, முதுகுப் பக்கம், சுருங்கிக் கிடக்கின்றன. ஆக மொத்தம் மூன்று. இதைப் பஸ்ஸில் பக்கத்து சீட்டுக்காரரிடம் சொன்னால் அவர் கொஞ்சம் நகர்ந்து உட்காருவார், எனக்குக் கால் நீட்ட இடம் கிடைக்கும். இப்படிச் சில உபயோகங்களை நான் அதில் கண்டுபிடித்து வைத்திருந்தேன். அவளுக்கு அதில் ஒரே ஒரு உபயோகம்தான் தெரிந்திருந்தது, நான் சாகாமல் இருப்பது. அதனால் அவளுக்கு என்ன ஆதாயம் என்பது எனக்கு இன்றுவரை பிடிபடவில்லை.

எங்களுக்கு நாமக்கல்லுக்கு மேற்கே கோழிப்பண்ணை. பெரிய பண்ணை என்று சொல்லிக்கொள்ள முடியாது, செட்டு என்கிற நீளக் கொட்டகை இரண்டு, முட்டைக் கோழிகள். ஆபரேஷனுக்கு முன்னால் சேலத்து ஆஸ்பத்திரியில் ஒரு குழு எங்களை விசாரித்தது. கிட்னி கொடுப்பவரை யாராவது மிரட்டிக் கூட்டிவந்திருக்கிறார்களா என்று பார்ப்பது அவர்கள் வேலை. என்னை வெளியே அனுப்பிவிட்டு அவளிடம் கேட்டிருக்கிறார்கள்.

"உங்களை யாராவது கட்டாயப்படுத்தினாங்களாம்மா?"

"கல்யாணத்துக்குக் கட்டாயப்படுத்துனாங்க சார். இதுக்கு இல்லீங்க."

குழு சிரித்துவிட்டுக் கையெழுத்துப் போட்டுவிட்டது. எங்கள் வீட்டில் நான்தான் தமாஷ் பேர்வழி என்று பெயர். ஆனால் என்னுடைய எந்தத் தமாஷுக்கும் இதுவரை யாரும் கையெழுத்துப் போட்டதில்லை.

ஆபரேஷன் முடிந்து வீட்டுக்கு அனுப்பும் நாளன்று டாக்டரம்மா எங்கள் இருவரையும் எதிரே உட்காரவைத்துப் பாடம் எடுத்தார். வாழப்பாடிப் பக்கத்துக்காரர். எங்களைப் போல வார்த்தைக்கு வார்த்தை 'ங்க' போடமாட்டார், ஆனால் பொறுமையாகச் சொல்வார்.

"ரத்தத்துல டி செல்னு ஒரு வகை வெள்ளை அணு இருக்கு. இது நம்ம உடம்பு, இது வெளியாள்னு பிரிச்சுப் பாக்கறது அதோட வேலை. வெளியாள்னு தெரிஞ்சா கூட்டம் சேத்து அடிச்சுக் கொல்லும். கிருமிய அப்படித்தான் கொல்லுது. இப்ப உங்க மனைவியோட கிட்னியும் அதுக்கு வெளியாள்தான்."

"இருவத்திரண்டு வருசமா ஒண்ணாக் குடும்பம் நடத்தறோம்னு அதுககிட்டச் சொல்லிப் பாக்கலாமுங்களா?" என்றேன்.

"சொன்னா கேக்காது. அதுக்குத்தான் மாத்திரை."

எனக்கு உடனே புரிந்துவிட்டது. கோழிக்காரனுக்கு இது புரியாவிட்டால் வேறு யாருக்குப் புரியும். கூண்டுக்கு நாலு கோழி. அதில் ஒன்று செத்து, அந்த இடத்துக்கு வேறு கூண்டிலிருந்து ஒன்றைக் கொண்டுவந்து விட்டால், பழைய மூன்றும் சேர்ந்து புதியதைக் கொத்தும். தலையில் கொத்தும், பின்பக்கம் கொத்தும். ரத்தத்தைப் பார்த்துவிட்டால் நிறுத்தாது. அதனால்தான் குஞ்சாக இருக்கும்போதே அலகின் நுனியை எடுத்துவிடுகிறோம். பழுக்கக் காய்ந்த பிளேடில் வைத்து அழுத்தினால், மயிர் கருகும் வாசனையோடு வேலை முடிந்துவிடும். கொத்துகிற ஆசை அப்படியே இருக்கும், கொத்துவதற்கு நுனி இருக்காது.

"அப்ப இந்த மாத்தரைங்கறது மூக்கு வெட்டறதாட்டமுங்களா?" என்றேன். டாக்டரம்மா விழித்தார். என் மனைவி கையால் பிடித்துக் காட்டி விளக்கினாள்.

"அதேதான். ஆனா எல்லா செல்லுக்கும் சேத்து வெட்டிடறோம். நாளைக்கு நிஜமாவே கிருமி வந்தாலும் அதுங்களால கொத்த முடியாது. அதனால நீங்க கோழி செட்டுக்குள்ள கால் வைக்கக் கூடாது. எருத் தூசி, பூஞ்சை எதுவும் ஆகாது."

"வெட்டுன மூக்கு மறுக்கா வளருமில்லீங்க?" என்று கேட்டாள் என் மனைவி. நான் கேட்டிருக்க வேண்டிய கேள்வி.

"வளரும்மா. அதான் காலைல எட்டு, ராத்திரி எட்டு. ஒரு வேளை தப்பினாலும் வளர ஆரம்பிச்சுடும்."

அன்றிலிருந்து அவள் போனில் இரண்டு அலாரம். செட்டில் எந்த வேலையில் இருந்தாலும் விட்டுவிட்டு வருவாள், முழங்கை வரை சோப்புப் போட்டுக் கழுவுவாள், மாத்திரையை என் உள்ளங்கையில் வைத்து, நான் விழுங்கும்வரை தொண்டையைப் பார்த்துக்கொண்டு நிற்பாள். ஒரு கிட்னி போன உடம்போடு பண்ணை முழுவதையும் அவள்தான் பார்த்தாள். நான் வேலிக்கு இந்தப் பக்கம் முகமூடி போட்டுக்கொண்டு சேரில் உட்கார்ந்து மேற்பார்வை செய்தேன். வேலையாட்கள் என்னை 'பக்கத்து நாட்டு மந்திரி' என்று சொல்லிக்கொண்டதை நானே ஒட்டுக்கேட்டிருக்கிறேன்.

மாத்திரை உயிரைக் கொடுத்தது, மற்ற எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டது. முகம் பூரிபோல உப்பியது. கால் நகங்களில் பூஞ்சை. ஒரு சளி பிடித்தால் பொங்கலுக்கு வந்தது சிவராத்திரிக்குத்தான் போகும். எல்லாவற்றையும்விடக் கை நடுக்கம். டீக்கடையில் கிளாஸைத் தூக்கினால் பாதி டீ வேட்டிக்கு, மீதி வாய்க்கு. என் பெரியப்பா மகன் அந்தக் கடையிலேயே குடியிருப்பவன். வயதில் எனக்கு மூத்தவன், வாயில் ஊருக்கே மூத்தவன்.

"பொம்பளக் கிட்னி வெச்சா அப்படித்தாண்டா. சமஞ்ச புள்ளையாட்டம் கை ஒதறுது பாரு," என்பான். "நாளைக்குச் சீலை கட்டிட்டு வா, கட்டி உடறதுக்கு நாங்க இருக்கறோம்."

எல்லோரும் சிரிப்பார்கள். எல்லோரையும்விடச் சத்தமாக நான் சிரிப்பேன். ஊரில் ஒருவனைக் கேலி பேச ஆரம்பித்தால் அவனும் கூடச் சேர்ந்து சிரிப்பதுதான் தப்பிக்கும் வழி என்று எனக்கு ஒரு எண்ணம். அது தவறு. சேர்ந்து சிரித்தால் மறுநாளும் பேசுவார்கள். ஐந்து வருடம் பேசினார்கள்.

ஐந்தாம் வருடப் பரிசோதனைக்குப் போனபோது டாக்டரம்மாவிடம் கேட்டேன். "இன்னும் எத்தன வருசத்துக்குங்க இந்த மாத்தர?"

"உயிரோட இருக்கற வரைக்கும்."

"பழகவே பழகாதுங்களா?"

கேட்டால் விளக்காமல் விடமாட்டார், அது அவருடைய பலவீனம். "டி செல்லுலயே காவல்காரங்க மாதிரி ஒரு சின்ன கூட்டம் இருக்கு. மத்ததுங்கள அடக்கி வைக்கற வேலை அதுக்கு. அந்தக் கூட்டத்தை மட்டும் ரத்தத்துல இருந்து பிரிச்செடுத்து, வெளில வளத்து, திரும்ப உள்ள விட்டா என்ன ஆகும்னு ஆராய்ச்சி பண்றாங்க. கிட்னிய விட்டுடணும், கிருமிய மட்டும் அடிக்கணும். கிட்னி குடுத்தவங்களோட எலும்பு மஜ்ஜையையும் சேத்து வச்சுப் பாக்கறாங்க. ரொம்ப ரொம்பக் கொஞ்சப் பேருக்கு, டாக்டர்ங்க கூடவே இருந்து, ரத்தம் பாத்துப் பாத்துக் குறைச்சு, மாத்திரைய நிறுத்தியும் இருக்காங்க. அதெல்லாம் இன்னும் நம்ம பக்கம் வரல. நீங்க எட்டு மணி மாத்திரைய ஒழுங்கா சாப்பிடுங்க."

இவ்வளவு நீளப் பேச்சில் 'நிறுத்தியும் இருக்காங்க' என்பது மட்டும் என் காதுக்குள் போனது. மீதி எல்லாம் வெளியாள் என்று தெரிந்து என் மூளை அடித்துக் கொன்றுவிட்டது.

பஸ்ஸில் திரும்பி வரும்போது கணக்குப் போட்டேன். புதுக் கோழியை மற்றவை மூன்று நாள் கொத்தும். நாலாம் நாள் அதுவும் அந்தக் கூண்டுக் கோழிதான், ஒரே தொட்டியில் தீவனம் பொறுக்கும். கோழிக்கே மூன்று நாள் போதுமென்றால், என் உடம்புக்கு ஐந்து வருடம் போதாதா. கோழியைவிட நான் அறிவாளி என்பது அந்தக் கணக்கின் அடிப்படை. அதைத்தான் நான் சரிபார்த்திருக்க வேண்டும்.

அந்தக் கோடையில் எனக்கு அக்கி வந்தது. இடது விலாவில் மிளகாய் அரைத்து அப்பினாற்போல எரிச்சல், அப்புறம் கொத்துக்கொத்தாய்க் கொப்புளம். அலகு வெட்டிய உடம்பில் வருகிற நோய்தான் என்று பின்னால் தெரிந்தது. எங்கள் பக்கம் அக்கிக்கு ஊசி மருந்து யாரும் தேடுவதில்லை. எழுதித்தான் ஆற்றுவார்கள். ஜேடர்பாளையம் போகிற வழியில், மண்பானை செய்கிற குடும்பத்தில் ஒரு பெரியவர் எழுதுவார். காவிக்கல்லை உரசிக் குழைத்து, கோழி இறகில் தொட்டு, கொப்புளத்தைச் சுற்றிக் கோடு இழுத்து, நடுவில் ஒரு சிங்கம் போடுவார். என் விலாவில் போட்டது சிங்கமா சீக்குக்கோழியா என்று கேட்டேன். அவர் சிரிக்கவில்லை.

"மூணு காலைக்கு எழுதோணும். ஒம்பது நாளைக்குக் கறி, எண்ணெ, இங்கிலீசு மருந்து ஆகாதுங்க. மருந்து தின்னா சூடு உள்ள எறங்கிப் போயிரும்," என்றார்.

"கிட்னி மாத்தரைங்க சாமி?" என்றாள் என் மனைவி.

"எல்லாமுந்தான் அம்மிணி."

அவள் என்னைப் பார்த்தாள். அக்கி எழுதுவதில் அவளுக்கு நம்பிக்கை உண்டு. ஆனாலும், "டாக்டரம்மாவக் கேக்காம முடியாதுங்க மாமா. போன் போடுங்க," என்றாள்.

நான் போனை எடுத்துக்கொண்டு ரோட்டோரப் புளியமரத்தடிக்குப் போனேன். எண்ணைத் தேடினேன். என் கை நடுங்கிக்கொண்டிருந்தது, போனும் சேர்ந்து ஆடியது. ஒன்பது நாள். ஒன்பது நாள் ஒரு கிளாஸ் டீயைச் சிந்தாமல் குடித்துப் பார்க்கலாம் என்று ஒரு ஆசை, வேறொன்றும் இல்லை. போனை யாருக்கும் போடாமல் காதில் வைத்துக்கொண்டேன்.

"வணக்கமுங்க டாக்டரம்மா. ஆமாங்க, அக்கிதாங்க. அப்படீங்களா. நெம்பச் சந்தோசமுங்க. சரீங்க, ஆகட்டுங்க." நடுநடுவே தலையை வேறு ஆட்டினேன். பள்ளிக்கூட நாடகத்தில் எனக்கு மரம் வேஷம்தான் கொடுத்தார்கள். அந்த வாத்தியாருக்கு இதைக் காட்டியிருக்க வேண்டும்.

திரும்பி வந்து சொன்னேன். "நிறுத்திப் பாக்கச் சொல்லீட்டாங்க புள்ள. அஞ்சு வருசமாச்சுல்ல, கிட்னி பழகியிருக்குமாம்."

"பழகிருச்சாமா?"

"பழகிருச்சாம்."

அவள் அந்தப் பெரியவர் வாசலிலேயே, வேட்டிக்கு மேலாக என் வயிற்றின் வலது பக்கத்தைத் தொட்டாள். இருபத்தேழு வருடத்தில் அவள் என்னை ஊரறியத் தொட்டது அன்றுதான். வீட்டுக்கு வந்ததும் அலாரம் இரண்டையும் அவளே அணைத்தாள். பக்கத்துத் தோட்டத்துப் பெண்களிடம், "என்ற கிட்னி அவிய ஒடம்போட பழகிருச்சுங்க, இனி மாத்தரையே வேண்டாமாம்," என்று சொல்லிச் சொல்லி மாய்ந்தாள். அந்த ஒன்பது நாளும் அவள் சந்தோஷமாக இருந்தாள். என் பொய்களிலேயே அதிகம் விளைந்தது அதுதான்.

நாலாம் நாள் கை நடுக்கம் குறைந்தது. ஏழாம் நாள் டீக்கடையில் கிளாஸை விளிம்பு தட்டக் கேட்டு வாங்கி, ஒரு சொட்டுச் சிந்தாமல் குடித்தேன். பெரியப்பா மகன் பேப்பரைப் புரட்டினான். கொப்புளங்கள் காய்ந்தன, சிங்கம் உதிர்ந்தது. பத்தாம் நாள் மாத்திரையைத் திரும்ப ஆரம்பித்தேன், கொஞ்சம் வருத்தத்தோடு.

அடுத்த வாரம் கால் வீங்கியது. ஒன்றுக்குப் போவது சுருங்கியது. வலது அடிவயிற்றில் தொட்டால் வலி. அப்புறம் காய்ச்சல். சேலத்துக்குப் போனோம்.

டாக்டரம்மா ரத்த ரிப்போர்ட்டை இரண்டு முறை படித்தார். "மாத்திரை எப்ப விட்டீங்க?"

நான் வாயைத் திறப்பதற்குள் என் மனைவி பதில் சொன்னாள். பதில் தெரிந்த பிள்ளை மாதிரி நிமிர்ந்து உட்கார்ந்து சொன்னாள். "ஒம்பது நாளுதானுங்க. நீங்கதான் போன்ல சொன்னீங்களே, பழகிருச்சுன்னு."

"நானா?"

டாக்டரம்மா அவளைப் பார்த்தார், அப்புறம் என்னைப் பார்த்தார். என் மனைவி டாக்டரம்மாவை மட்டுமே பார்த்துக்கொண்டிருந்தாள், அவர் மறந்திருப்பார், இப்போது ஞாபகம் வந்துவிடும் என்பதைப் போல.

"டவர் சரியாக் கெடைக்கலீங்க," என்றேன்.

அப்படிப்பட்ட இடத்தில் வாயில் அதுதான் வந்தது. யாரும் சிரிக்கவில்லை. என் மனைவி மெதுவாகத் திரும்பி, சுவரில் மாட்டியிருந்த கிட்னிப் படத்தைப் பார்க்க ஆரம்பித்தாள்.

"அக்கின்னு எனக்கு ஒரு போன் பண்ணியிருந்தா," என்றார் டாக்டரம்மா, "நானே ஒரு மாத்திரையக் கொஞ்ச நாளைக்குக் குறைச்சிருப்பேன். அக்கிக்கும் மாத்திரை குடுத்திருப்பேன். ஒரே ஒரு போன்."

வயிற்றில் ஊசி விட்டு கிட்னியில் நூலளவு சதை எடுத்துப் பார்த்தார்கள். உள்ளே டி செல்கள் கூட்டமாகப் புகுந்துவிட்டிருந்தன. மூன்று நாள் ஸ்டீராய்டு ஏற்றினார்கள். அது பற்றவில்லை என்று, முயலின் ரத்தத்திலிருந்து எடுக்கிற ஒரு மருந்தை ஏற்றினார்கள், டி செல்களையே கொல்கிற மருந்து. குளிரில் கட்டில் ஆடியது. மனைவியின் கிட்னி, முயலின் மருந்து, கோழியின் புத்தி, இனி என்னுடையது என்று என்னதான் இருக்கிறது என்று நர்ஸிடம் கேட்டேன். "வாயி," என்றார் அவர்.

கட்டிலில் கிடந்தபோது ஒரு கோழி ஞாபகம் வந்தது. இரண்டாவது செட்டில், இடம் மாற்றி விட்ட கோழி. நாலாம் நாளே அடங்கி, மற்றவற்றோடு ஒட்டிப் படுத்துத் தூங்கியது. இருபதாம் நாள் காலை போய்ப் பார்த்தால், குடல் கூண்டுக் கம்பியில் மாலையாகத் தொங்கியது. மற்ற மூன்றும் தீவனம் தின்றுகொண்டிருந்தன. அலகு பார்த்தேன், மூன்றுக்கும் நுனி வளர்ந்திருந்தது. இது எனக்குத் தெரியாத விஷயமல்ல. நானே கம்பியிலிருந்து எடுத்து எறிந்திருக்கிறேன். பஸ்ஸில் கணக்குப் போட்ட அன்று மட்டும் அந்தக் கோழி கணக்கில் வரவில்லை.

என் மனைவி ஸ்டூலில் உட்கார்ந்திருந்தாள். இரண்டு நாளாக என்னோடு பேசவில்லை. மூன்றாம் நாள் கேட்டாள்.

"டீ சிந்துதுன்னா மாத்தரைய நிறுத்துனீங்க?"

"ஆமா."

"என்னயக் கேட்டிருந்தா நான் ஊத்திக் குடிக்க வெச்சிருப்பனே."

ஒரு மாதத்தில் கிட்னி நின்றுபோனது. திங்கள், புதன், வெள்ளி டயாலிசிஸ் என்று எழுதிக் கொடுத்தார்கள். இன்னொருவர் கிட்னிக்கு முயற்சி செய்யலாமா என்று கேட்டதற்கு, "உங்க உடம்பு இப்ப சண்டைக்கு நல்லாப் பழகிடுச்சு. பொருத்தம் கிடைக்கறது கஷ்டம்," என்றார் டாக்டரம்மா. பழகும் பழகும் என்று நான் சொன்னது ஒரு வகையில் பலித்துவிட்டது.

ஊரில் துக்கம் விசாரிப்பதுபோல வந்தார்கள். பக்கத்துத் தோட்டத்துப் பெண்கள் என் எதிரிலேயே அவளிடம் கேட்டார்கள்.

"பழகிருச்சுன்னு சொன்னியே அம்மிணி?"

"ஏதோ ஆயிருச்சுங்கக்கா."

"முழு மனசோட குடுத்திருந்தா ஒட்டியிருக்குமாட்ட இருக்குது. உன்ற மனசுல என்ன கொறையோ."

நான் அங்கேதான் கட்டிலில் உட்கார்ந்திருந்தேன். புளியமரம், போன், டவர் எல்லாம் சொல்ல ஒரு நிமிஷம்கூட ஆகியிருக்காது. ஊரையே சிரிக்கவைக்கும் வாய் அன்று மூடியே இருந்தது. அவளும் சொல்லவில்லை. காபி டம்ளர்களை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

மாத்திரைகளைப் படிப்படியாகக் குறைத்து, கடைசியில் நிறுத்தினார்கள். காப்பாற்ற ஒன்றும் இல்லாதபோது அடக்கிவைக்கவும் ஒன்றும் தேவையில்லை. கை நடுக்கம் நின்றது. முகம் பழைய முகமானது. முகமூடி போட்டுக்கொண்டு செட்டுக்குள் போகலாம் என்று டாக்டரம்மாவே சொல்லிவிட்டார்.

போன வாரம், டயாலிசிஸ் இல்லாத ஒரு நாள், ஆறு வருடத்துக்கு அப்புறம் உள்ளே போனேன். வளர்ந்துவரும் கோழிகளுக்கு இரண்டாம் முறை அலகு வெட்டிக்கொண்டிருந்தார்கள். மெஷினில் அவள் உட்கார்ந்திருந்தாள். பிடித்துக் கொடுக்கிற ஆள் வரவில்லை. எதிரே உட்கார்ந்து, கூண்டிலிருந்து ஒவ்வொன்றாக எடுத்து, இறக்கையைச் சேர்த்துப் பிடித்து அவள் கையில் கொடுத்தேன். அவள் கோழியின் தலையில் கட்டைவிரலை வைத்து, தொண்டையை அணைத்து, பிளேடில் அழுத்தினாள். புகை. அடுத்தது.

நாற்பது ஐம்பது கோழி ஆன பிறகு, பிளேடிலிருந்து கண்ணை எடுக்காமல் கேட்டாள். "அது இப்ப எங்க இருக்குது?"

"எது?"

"என்ற கிட்னி."

"உள்ளதான் இருக்குது. எடுக்க மாட்டாங்களாம்."

"செத்துப்போனத உள்ளயே எதுக்கு வெச்சிருக்கறது?"

"தொந்தரவு குடுக்காத வரைக்கும் அப்படியே கெடக்கட்டும்னு உட்டுருவாங்களாம்."

அவள் கையிலிருந்த கோழியின் அலகை வெட்டினாள். வழக்கத்தைவிட ஒரு விநாடி கூடுதலாக அழுத்தினாள். கோழி கத்தியது.

"என்னயாட்டமே," என்றாள்.

என்னிடம் ஒரு தமாஷ் தயாராக இருந்தது. நல்ல தமாஷ்தான், டீக்கடையில் சொன்னால் சிரிப்பார்கள். கையில் அடுத்த கோழியைப் பிடித்தபடி அதை எங்கே ஆரம்பிக்கலாம் என்று யோசித்துக்கொண்டிருந்தேன். அதன் நெஞ்சு என் உள்ளங்கையில் படபடவென்று அடித்தது. என் கை கொஞ்சமும் நடுங்கவில்லை.

"குடுங்க," என்றாள் அவள். "பிளேடு ஆறுது."